வேலை மாறி ஆங்கில ஆசிரியராக விரும்புவோருக்கு: சிங்கப்பூரில் எங்கே தொடங்குவது

முப்பது வயதைத் தாண்டியவர்கள், சில சமயம் நாற்பதையும் தாண்டியவர்கள், என்னிடம் கேட்பது இதுதான்: "இப்போது பார்க்கும் வேலையை விட்டுவிட்டு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்க வர முடியுமா?" முடியும். நானே சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். வங்கியிலிருந்து வந்தவர்களும் சட்ட அலுவலகத்திலிருந்து வந்தவர்களும் என்னுடன் பணியாற்றியிருக்கிறார்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் அடுத்து விசாரிப்பது விண்ணப்பப் படிவத்தைப் பற்றி. படிவம் எளிது, ஒரு மாலைப்பொழுதில் நிரப்பிவிடலாம். அதற்கு முன் உங்களுக்கு நீங்களே விடை சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளை அரைமனத்தோடு எழுதிய கட்டுரையை எடுத்துவைத்துக்கொண்டு, அதில் அவன் என்ன சொல்ல வந்தான் என்று பொறுமையாகத் தேட உங்களுக்குப் பிடிக்குமா? ஆங்கிலம் பிடிக்கும் என்பதால் மட்டும் இந்த வேலை பிடித்துவிடாது. நாவல் வாசிப்பதும் நயமாகப் பேசுவதும் இதில் சிறு பங்குதான். மீதி முழுவதும் பிள்ளைகள் எழுதியதைப் படிப்பதும் திருத்துவதும் திரும்ப எழுதவைப்பதும்.

முதல் படி: வேலையை விடுமுன் வகுப்பறைக்குள் போய்ப் பாருங்கள்

பள்ளிகளுக்கு நிவாரண ஆசிரியர்கள் எப்போதும் தேவைப்படுகிறார்கள். ஓர் ஆசிரியர் மகப்பேற்று விடுப்பிலோ மருத்துவ விடுப்பிலோ பயிற்சியிலோ இருக்கும்போது அவருடைய வகுப்புகளைப் பார்த்துக்கொள்பவரை அப்படி அழைக்கிறோம். கல்வி அமைச்சின் இணையத்தளம் வழியாகப் பதிவு செய்யலாம். ஆசிரியர் பயிற்சி பெறாதவர்களும் இந்த வேலைக்கு வர முடியும். சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் சில வாரங்களிலேயே பள்ளியின் உண்மையான நாள் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்: காலை ஏழரை மணிக்கு முன்பே வளாகத்தில் இருப்பது, கொடியேற்றம், இடைவேளையில் உணவகத்தில் வரிசை, பிற்பகல் இணைப்பாட நடவடிக்கை, அதற்குப் பிறகு ஆசிரியர் அறையில் மேசை மீது குவிந்திருக்கும் தாள்கள்.

முழுநேர வேலையில் இருந்துகொண்டு இதைச் செய்வது எல்லாருக்கும் இயலாது. உங்கள் பணி ஒப்பந்தம் வேறு வேலையைத் தடை செய்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. 1991இல் தொடங்கப்பட்ட, இந்தியச் சமூகத்தின் சுயஉதவி அமைப்பான சிண்டா, இந்திய மாணவர்களுக்காக ஸ்டெப் என்ற துணைப்பாட வகுப்புகளை நடத்துகிறது. அங்கே கற்பிக்கவோ தொண்டூழியராக உதவவோ விசாரித்துப் பாருங்கள். நம் பிள்ளைகளுக்கு அது பயன்படும். உங்களுக்கும் உங்களைப் பற்றித் தெரியவரும்.

இந்த நாள்களில் ஒன்றை மட்டும் உற்றுக் கவனியுங்கள். கெட்டிக்கார மாணவர் சரியான விடை சொல்லும்போது எல்லாருக்கும்தான் மகிழ்ச்சி வரும். பின்வரிசையில் தலைகவிழ்ந்து படுத்திருக்கும் மாணவரிடம் போய், "எந்த வரியில் நின்றுவிட்டாய்?" என்று கேட்கத் தோன்றுகிறதா? அப்படித் தோன்றினால் தயங்காமல் அடுத்த படிக்குப் போகலாம்.

அதோடு, பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பக்கம் போனால் பத்தாண்டுத் தேர்வுத்தாள் தொகுப்பு ஒன்றை வாங்கி வாருங்கள். உயர்நிலைப் பள்ளி முடிவில் மாணவர்கள் எழுதும் சாதாரண நிலை ஆங்கிலத் தேர்வின் முதல் தாளையும் இரண்டாம் தாளையும் கைப்பேசியை அணைத்துவிட்டு, நேரம் குறித்துக்கொண்டு, நீங்களே எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடம். பல ஆண்டுகள் அலுவலக மின்னஞ்சல் மட்டுமே எழுதிய கைக்கு, 350 சொல்லுக்குக் குறையாத கட்டுரை ஒன்றைப் பேனாவால் எழுதுவது எவ்வளவு பாடு என்பது அப்போது புரியும். நாளை உங்கள் மாணவர் "எழுத ஒன்றும் வரவில்லை" என்று சொல்லும்போது அது சோம்பல் மட்டும் அல்ல என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டாம் படி: சான்றிதழ்களை எடுத்து வையுங்கள்

உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கப் பட்டம் வேண்டும். ஆங்கில இலக்கியம், ஆங்கில மொழி, மொழியியல் படித்தவர்களுக்கு வழி நேரானது. ஊடகம், சட்டம், வரலாறு போன்ற துறைகளில் படித்தவர்களும் விண்ணப்பிக்கிறார்கள். ஆனால் எந்தப் பாடத்தைக் கற்பிப்பது என்பதை அமைச்சு உங்கள் பட்டத்தையும் பள்ளிக்கால முடிவுகளையும் பள்ளிகளின் தேவையையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்யும். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் பொதுவாக இரண்டு பாடங்களுக்குத் தயார் செய்யப்படுகிறார்கள். ஆங்கிலத்தோடு ஆங்கில இலக்கியமோ வரலாறோ புவியியலோ சேர்ந்து வரலாம். எனவே உங்கள் இரண்டாவது பாடம் எது என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள்.

சாதாரண நிலை, மேல்நிலை முடிவுகள், பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயம், பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றின் பிரதிகளும் கையில் இருக்கட்டும். தமிழகத்திலோ மலேசியாவிலோ படித்துவிட்டு இங்கு நிரந்தரவாசியாகவோ குடிமகனாகவோ ஆனவர்கள், பல்கலைக்கழகத்திடமிருந்து முழு மதிப்பெண் பட்டியலை வரவழைக்கச் சில மாதங்கள் ஆகலாம் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பதாரர்களில் சிலர், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் தேசியக் கல்விக் கழகம் நடத்தும் மொழித்திறன் நுழைவுத் தேர்வையும் எழுத வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: வீட்டுக் கணக்கு

இதைக் கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். நல்ல செய்தி முதலில்: அமைச்சு உங்களைப் பணியில் எடுத்துக்கொண்டு பயிற்சிக்கு அனுப்பினால், படிப்புக் கட்டணத்தை அமைச்சே ஏற்கும், படிக்கும் காலத்தில் மாதச் சம்பளமும் மத்திய சேம நிதிப் பங்களிப்பும் வரும். கையிருப்பை எல்லாம் கரைத்துப் படிக்க வேண்டிய நிலை இல்லை. தொடக்கச் சம்பளத்தைத் தீர்மானிக்கும்போது கல்வித் தகுதி, தொடர்புடைய பணி அனுபவம், தேசிய சேவை ஆகியவற்றைக் கருத்தில் கொள்வார்கள்.

இருந்தாலும் நிதித் துறையிலோ தொழில்நுட்பத் துறையிலோ மூத்த பதவியில் இருந்தவருக்கு இது குறைந்த சம்பளமாக இருக்கக்கூடும். வீவக வீட்டுக் கடன், பிள்ளைகளின் செலவு, ஊரில் பெற்றோருக்கு அனுப்பும் பணம் எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள். அந்தக் குறைந்த தொகையை வைத்துக்கொண்டு மூன்று மாதம் இப்போதே வாழ்ந்து பாருங்கள். மிச்சத்தைச் சேமிப்பில் போட்டுவிடுங்கள். காகிதத்தில் சரியாக வரும் கணக்கு பள்ளி விடுமுறை மாதத்தில் உதைக்கலாம்.

பயிற்சிக்குப் பின் பொதுவாக மூன்றாண்டுகள் பணியாற்ற ஒப்பந்தம் உண்டு. இடையில் விலகினால் இழப்பீடு கட்ட வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் படியுங்கள். நியமனக் கடிதம் கைக்கு வருவதற்கு முன் இப்போதைய வேலையில் விலகல் கடிதம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

நான்காம் படி: விண்ணப்பமும் நேர்காணலும்

விண்ணப்பம் இணையத்தில்தான். தேர்ந்தெடுக்கப்பட்டால் நேர்காணலுக்கு அழைப்பு வரும். அங்கே "சிறு வயதிலிருந்தே ஆசிரியராக வேண்டும் என்பது கனவு" என்று தொடங்காதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும், எல்லாரும் சொல்வதால் அதற்கு எடை இல்லை. நிவாரண ஆசிரியராக இருந்தபோது பார்த்த ஒரு பாடவேளையைச் சொல்லுங்கள்: மாணவர் எங்கே தடுக்கினார், நீங்கள் என்ன செய்தீர்கள், அது பலித்ததா, பலிக்காவிட்டால் அடுத்த முறை என்ன மாற்றுவீர்கள். முதல் படியைத் தாண்டி வந்தவருக்கு இதற்கு விடை தேட வேண்டியிருக்காது.

முந்தைய வேலையை ஏன் விடுகிறீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். அந்த வேலையைக் குறைசொல்லி விடை சொல்ல வேண்டாம். அங்கே கற்றதில் எது வகுப்பறைக்கு உதவும் என்பதைச் சொல்லுங்கள். அது என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பேச விரும்புகிறேன், ஏனென்றால் வேலை மாறி வருபவர்கள் தங்கள் உண்மையான பலத்தை அடையாளம் காணாமலேயே வந்துவிடுகிறார்கள்.

உங்கள் பழைய வேலை எங்கே பயன்படும்

2023 முதல் நடப்பிலுள்ள சாதாரண நிலை ஆங்கிலப் பாடத்திட்டத்தில் நான்கு தாள்கள். எழுத்து 35 விழுக்காடு, கருத்தறிதல் 35 விழுக்காடு, கேட்டல் 10 விழுக்காடு, வாய்மொழி 20 விழுக்காடு. எழுத்துத் தாளின் 70 மதிப்பெண்ணில் பிழைதிருத்தத்துக்கு 10, கட்டுரைக்கு 30, சூழல்சார் எழுத்துக்கு 30. இந்தச் சூழல்சார் எழுத்துதான் உங்கள் களம். மின்னஞ்சல், கடிதம், அறிக்கை, முன்மொழிவு, உரை என்று ஏதாவது ஒன்றை, குறிப்பிட்ட ஒருவருக்கு, குறிப்பிட்ட நோக்கத்தோடு எழுத வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. பள்ளி உணவகத்தில் வீணாகும் உணவைக் குறைக்கப் பள்ளி முதல்வருக்கு முன்மொழிவு எழுதச் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு மாணவர் இப்படித் தொடங்குவார்: தன் பெயர், வகுப்பு, இந்தக் கடிதம் எழுதும் காரணம், உணவு வீணாவது மிகவும் தவறு, உலகில் பலர் பசியால் வாடுகிறார்கள். இலக்கணம் ஓரளவு சரியாகவே இருக்கும். ஆனாலும் முதல்வர் அதைப் படித்துவிட்டு எதையும் முடிவு செய்ய முடியாது. என்ன செய்ய வேண்டும், யார் செய்வார், எவ்வளவு செலவாகும், எப்போது தொடங்கலாம் என்று ஒன்றும் அதில் இல்லை.

இதை ஆங்கிலம் மட்டுமே படித்து வந்த இளம் ஆசிரியரும் சொல்லிக்கொடுப்பார், நன்றாகவே சொல்லிக்கொடுப்பார். ஆனால் நீங்கள் ஆண்டுக்கணக்கில் மேலதிகாரியிடம் ஒப்புதல் வாங்க எழுதியவர். கப்பல் தாமதமாகிவிட்டது என்று கோபமாக இருக்கும் வாடிக்கையாளருக்கு முதல் வரியில் என்ன எழுத வேண்டும், எதை மூன்றாவது பத்திக்குத் தள்ள வேண்டும் என்பது உங்கள் விரல்களுக்கே தெரியும். அந்த மாணவரிடம், "முதல்வருக்கு இரண்டு நிமிடம்தான் நேரம் இருக்கிறது. அவர் 'சரி' என்று சொல்ல எந்த மூன்று தகவல் வேண்டும்?" என்று கேளுங்கள். சிறிய தட்டில் சோறு கேட்கும் வசதி, எல்லாக் கடைகளிலும் வேண்டாம், ஒரே ஒரு கடையில் முதலில் சோதனை, இரண்டு வாரம் கழித்து எடைபோட்டுப் பார்ப்பது என்று பிள்ளைகளே சொல்வார்கள். அதன் பிறகு நடையும் மரியாதைச் சொற்களும் தாமாகவே சரியாகத் தொடங்கும். படிப்பவரை மனத்தில் வைத்தபின்தான் எந்தச் சொல் பொருந்தும், எது பொருந்தாது என்று பிள்ளைக்குத் தெரிகிறது.

வாய்மொழித் தேர்வும் அப்படியே. முன்பு பத்தியை உரக்க வாசிக்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு காணொளியைப் பார்த்து, திட்டமிட்டுப் பேச வேண்டும். பிறகு தேர்வாளரோடு கலந்துரையாடல். கூட்டங்களில் பேசிப் பழகியவர்கள் இதைச் சொல்லிக்கொடுக்கப் பிறந்தவர்கள்.

நமக்கென்று இன்னொரு பலமும் உண்டு. தமிழ் பேசும் வீட்டில் வளர்ந்து ஆங்கிலத்தைக் கவனமாகக் கற்றவர்களுக்கு அது எங்கெங்கே வழுக்கும் என்று தெரியும். பெயர்ச்சொல்லுக்கு முன் 'எ', 'தி' போன்றவற்றைப் போடும் வழக்கம் தமிழிலும் இல்லை, மலாயிலும் இல்லை, சீனத்திலும் இல்லை. வீட்டில் ஆங்கிலம் அதிகம் புழங்காத மாணவருக்கு அதைக் காதால் மட்டும் பழக்கிவிட முடியாது. காரணத்தோடு விளக்க வேண்டும். நீங்கள் அதைக் காரணத்தோடு கற்றவர். விளக்க உங்களால் முடியும். உங்கள் உச்சரிப்பைப் பற்றிக் கூச்சப்பட வேண்டாம். தெளிவாகவும் நிதானமாகவும் பேசினால் போதும். பிள்ளைகள் பொருளைக் கவனிப்பார்கள்.

ஐந்தாம் படி: பள்ளியில் சோதனைக்காலம், பிறகு தேசியக் கல்விக் கழகம்

நியமனம் கிடைத்ததும் நேராகப் படிக்க அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். முதலில் ஒரு பள்ளியில் பயிற்சி பெறாத ஆசிரியராகச் சில காலம் பணியாற்ற வேண்டியிருக்கலாம். இந்த வேலைக்கு நீங்கள் பொருந்துவீர்களா என்று பள்ளியும் பார்க்கும், நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். இதை ஒரு தேர்வாக நினைத்து விறைப்பாக நடந்துகொள்பவர்கள் அதிகம் கற்பதில்லை. மூத்த ஆசிரியரின் வகுப்பில் பின்னால் உட்காரக் கேட்டு வாங்குங்கள். வயதில் உங்களைவிடப் பத்து ஆண்டு இளையவர் உங்கள் பாடத்தைக் கவனித்துக் குறைகளைச் சொல்வார். வேலை மாறி வருபவர்களுக்கு இதுதான் மிகக் கடினமான பகுதி என்று நினைக்கிறேன். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், விவாதிக்க வேண்டாம். ஒரு வாரம் கழித்துப் படித்தால் பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருக்கும்.

பின்னர் தேசியக் கல்விக் கழகத்தில், பட்டதாரிகளுக்கான கல்விப் பட்டயப் படிப்பு. பிஜிடிஇ என்றே எல்லாரும் சொல்வார்கள். ஓராண்டுக்குக் குறையாத முழுநேரப் படிப்பு. கழகம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. ஜூரோங் மேற்கில் இருக்கிறது. பூன் லே பஸ் நிலையத்திலிருந்து 179ஆம் எண் பஸ் அந்தப் பக்கம் போகும். பாசிர் ரிஸ், பொங்கோல் பக்கம் குடியிருப்பவர்கள் பயண நேரத்தை இப்போதே ஒத்திகை பார்த்துவிடுங்கள். பிள்ளையைக் காலையில் பராமரிப்பு நிலையத்தில் விடும் பொறுப்பு யாருடையது என்பது அதைப் பொறுத்துத்தான்.

கல்வி உளவியல், பாடம் கற்பிக்கும் முறைகள், பள்ளியில் நேரடிப் பயிற்சி ஆகியவை படிப்பின் முக்கியப் பகுதிகள். கோட்பாட்டு வகுப்புகளைச் சிலர் அலட்சியம் செய்வார்கள். வேண்டாம். பிள்ளைக்கு ஏன் வாசித்தது மனத்தில் நிற்கவில்லை என்பதற்கு அனுபவம் மட்டும் விடை சொல்லாது. கற்பித்தல் பயிற்சிக் காலத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் திட்டம் எழுதி, கவனிக்கப்பட்டு, மறுபடி எழுதுவீர்கள். அந்த வாரங்களில் வீட்டில் திருமணம், வீடு மாறுதல், ஊர்ப் பயணம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பள்ளிகளிலும் மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் இல்லை. ஒரே மாணவர் ஆங்கிலத்தை ஜி3 என்ற கடினமான நிலையிலும் கணிதத்தை அதைவிடச் சற்று எளிய ஜி2 நிலையிலும் படிக்கலாம். 2027 முதல் சாதாரண நிலை, வழக்கநிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக ஒரே சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு வருகிறது. நீங்கள் பள்ளியில் படித்த காலத்து நினைவை வைத்துக்கொண்டு இன்றைய வகுப்பறையை எடைபோட முடியாது.

ஆறாம் படி: முதல் ஆண்டும் திருத்தும் தாள்களும்

எளிய கணக்கு ஒன்று போடுங்கள். மூன்று வகுப்புகள், வகுப்புக்கு 35 பேர் என்றால் 105 கட்டுரைகள். ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றாலும் பதினேழரை மணி நேரம். அது ஒரே ஒரு கட்டுரைக்கு. இதோடு வகுப்பாசிரியர் பொறுப்பு, இணைப்பாட நடவடிக்கை, கூட்டங்கள், பெற்றோர் அழைப்புகள். முதல் ஆண்டில் பலர் தளர்ந்துபோவது இங்கேதான், வகுப்பைக் கட்டுப்படுத்துவதில் அல்ல.

நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். ஒரு கட்டுரையில் எல்லாப் பிழையையும் வட்டமிடுவதில்லை. தாள் முழுக்கச் சிவப்பாக இருந்தால் மாணவர் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுவிடுவார். கட்டுரை எழுதுவதற்கு முன்பே "இந்த முறை இரண்டை மட்டும் பார்ப்பேன்: காலம் மாறாமல் எழுதுவது, ஒவ்வொரு பத்திக்கும் ஒரு கருத்து" என்று பலகையில் எழுதிவிடுவேன். அவை இரண்டையும் மட்டும் குறிப்பேன். கீழே ஒரே ஒரு கேள்வி எழுதுவேன்: "பாட்டி கதவைத் திறந்தபோது நீ என்ன பார்த்தாய்?" என்பதுபோல, அவர் விட்டுவிட்ட இடத்தைத் தொட்டு. திருப்பிக் கொடுக்கும் நாளில் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, அந்த ஒரு பத்தியை மட்டும் வகுப்பிலேயே மீண்டும் எழுதச் சொல்வேன். திருத்தியதற்குப் பயன் அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் கிடைக்கிறது. நேரமில்லை என்று அதை விட்டால் பதினேழரை மணி நேரமும் வீண்.

பொதுப் பிழைகளை ஒரு தாளில் தொகுத்து, எஸ்எல்எஸ் எனப்படும் மாணவர் கற்றல் தளத்தில் போட்டுவைக்கலாம். அதே தளத்தில் சக ஆசிரியர்கள் செய்து வைத்த பாடங்களும் இருக்கும். எல்லாவற்றையும் புதிதாகச் செய்து பெயர் வாங்க நினைக்காதீர்கள். கேட்டு வாங்கி, உங்கள் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையைக் குடும்பத்துக்கென்று முதல் வாரத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். ஜூன் மாதத்தில் நான்கு வாரமும் ஆண்டிறுதியில் ஆறு வாரமும் பள்ளி விடுமுறை என்பதைக் கேட்டு உறவினர்கள் பொறாமைப்படுவார்கள். அவற்றில் ஒரு பகுதி பயிற்சிக்கும் துணைப்பாட வகுப்புக்கும் அடுத்த தவணைத் திட்டத்துக்கும் போய்விடும் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

பெற்றோர் சந்திப்பு நாளுக்கும் தயாராகுங்கள். ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியரிடம் தமிழில் பேசலாமா என்று தயங்கி, பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக உட்காரவைக்கும் அம்மா அப்பாக்கள் நம்மில் இருக்கிறார்கள். நீங்களே "உட்காருங்கம்மா, தமிழிலேயே பேசுவோம்" என்று தொடங்கிவிடுங்கள். மதிப்பெண்ணை முதலில் எடுக்க வேண்டாம். பிள்ளை ஜனவரியில் எழுதிய ஒரு பத்தியையும் மே மாதத்தில் எழுதிய ஒரு பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்ன மாறியிருக்கிறது, என்ன இன்னும் மாறவில்லை என்று தமிழில் விளக்குங்கள். பிறகு வீட்டில் செய்யக்கூடிய ஒரே ஒரு வேலையைக் கொடுத்தனுப்புங்கள்: தினமும் இரவு பத்து நிமிடம், அன்று பள்ளியில் படித்ததைப் பிள்ளை தமிழில் சொல்ல, பெற்றோர் கேட்க வேண்டும். நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்லப் பழகும் பிள்ளைக்கு ஆங்கிலக் கட்டுரையில் பத்தி பிரிப்பது எளிதாகிறது. இதை என் வகுப்புகளில் பலமுறை பார்த்திருக்கிறேன்.